தேநீர்க்கடையில் நடந்த ஆட்சி

ஒரு காலத்தில் சீனத்தின் சிச்சுவான் மாகாணத்துச் சந்தை நகரங்களில் ஒருவர் எவ்வளவு பெரிய மனுஷர் என்று தெரிந்துகொள்ள அவருடைய வீட்டையோ வயலையோ போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அவர் தேநீர்க்கடைக்குள் காலெடுத்து வைக்கும்போது எத்தனை பேர் "ஐயாவின் தேநீருக்கு நான் தருகிறேன்" என்று குரல் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் போதும். சாதாரணக் குடியானவர் வந்தால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊர்ப் பெரியவர் வந்தால் நாலு மேசைகளிலிருந்தும் காசு நீளும். அந்தக் காசுகளில் எதை வாங்குவது, எதைப் பணிவாக மறுப்பது என்ற கணக்குக் கடைப்பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கக் கூடாதவரிடம் வாங்கிவிட்டால் இன்னொருவரின் முகம் சுண்டிப்போகும். அந்தப் பகை வெகுநாள் நிற்கும்.

1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வருவதற்கு முந்தைய சீனத்தின் சிறு நகரங்களை ஆண்டவர்களில் பெரும்பாலோர் எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை. அவர்கள் பெயர் ஊதியப் பட்டியலில் கிடையாது, அலுவலகம் கிடையாது, முத்திரை கிடையாது. ஆனாலும் வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்பிக்கொள்வது, யாருடைய கடனைத் தள்ளிவைப்பது, யார் வீட்டுப் பிள்ளை போருக்குப் போவது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்தார்கள்.

இதற்கான காரணம் பேரரசின் அமைப்பிலேயே இருந்தது. சிங் வம்ச ஆட்சியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,300 வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் அதிகாரி. பேரரசரின் பிரதிநிதியாக மக்களை நேரில் சந்திக்கும் கடைசி ஆள் அவர்தான். அவருக்குக் கீழே கிராமத்திலோ சந்தை நகரிலோ முறையான அரசு என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மக்கள்தொகை 40 கோடியைத் தாண்டியது. அப்படியென்றால் ஓர் அதிகாரியின் கீழ் சராசரியாக மூன்று லட்சம் பேர். வரி தண்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் கொலைகாரனைத் தேடுவதும் பஞ்சத்தில் தானியம் பகிர்வதும் அவர் வேலையே.

அந்த அதிகாரி சொந்த மாகாணத்தில் பணியாற்றக் கூடாது என்பது கடுமையான விதி. உறவுக்காரர்களுக்குச் சாதகம் செய்துவிடுவார் என்ற அச்சத்தில் வந்தது அது. விளைவாக, பேச்சே சரியாகப் புரியாத ஊருக்கு வந்து, சில ஆண்டுகள் இருந்துவிட்டு, வேறு ஊருக்கு மாறிப் போகிறவராக அவர் இருந்தார். அலுவலக எழுத்தர்களும் சேவகர்களும் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குச் சம்பளம் பெயரளவுக்கே. வயிறு நிறைந்தது மக்கள் கொடுத்த 'கட்டணங்களால்'. புதிதாக வந்த அதிகாரிக்கு ஊர் நிலவரம் சொல்ல, எழுத்தர்களைத் தவிர நம்பத் தகுந்த ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அந்தக் கூட்டம் தேர்வு எழுதியவர்கள்.

அரசுத் தேர்வின் முதல் படியைத் தாண்டினாலே ஒரு மனிதரின் நிலை மாறிவிடும். கட்டாய உடலுழைப்பிலிருந்து விலக்கு. வழக்கு மன்றத்தில் மூங்கில் பிரம்படி கிடையாது. அடிக்க வேண்டுமானால் முதலில் பட்டத்தைப் பறித்தாக வேண்டும். மேல்படிகளைத் தாண்டியவர்கள் வட்ட அதிகாரியின் வீட்டுக்குப் பெயர்ச்சீட்டை அனுப்பிவிட்டுச் சமமாக உட்கார்ந்து பேசலாம். தேர்வில் வெல்ல முடியாதவர்களில் பணம் உள்ளவர்கள் பட்டத்தை விலைக்கும் வாங்கினார்கள், அரசே விற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய பட்டதாரிகள் சுமார் 11 லட்சம் பேர் இருந்தார்கள் என்று 1955இல் வெளிவந்த தன் ஆய்வில் ஜாங் ஜோங்லி கணக்கிட்டார். அவர்களில் அரசுப் பதவி கிடைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்: பாலம் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள், தானியக் களஞ்சியத்தின் சாவியை வைத்திருந்தார்கள், பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைத்தார்கள்.

இந்த ஏற்பாடு அன்றாடத்தில் எப்படி இயங்கியது என்பதைச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங் 1940களில் எழுதிய கட்டுரைகள் மிக நுட்பமாகக் காட்டுகின்றன. வட்ட அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வருகிறது: இத்தனை ஆட்களை வேலைக்கு அனுப்ப வேண்டும், அல்லது இவ்வளவு பணம் தர வேண்டும். சேவகர் அதை ஊர்ப் பெரியவர் கையில் கொடுப்பதில்லை. முறைவைத்து அந்தப் பொறுப்பைச் சுமக்கும் ஓர் எளிய மனிதரிடம் கொடுப்பார். அவருக்குச் செல்வாக்கு எதுவும் கிடையாது. அவர் அதை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடுவார். விஷயம் தேநீர்க்கடையில் பேசப்படும். ஊருக்குக் கட்டுப்படியாகாது என்று முடிவானால், அந்த எளியவர் வெறுங்கையோடு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். கட்டளையை நிறைவேற்றாத குற்றத்துக்கு அவர் அங்கே அடியும் வாங்கலாம்.

அதற்குப் பிறகுதான் பெரியவர் நீள அங்கி அணிந்து புறப்படுவார். உத்தரவைப் பற்றி அவருக்கு முறைப்படி எதுவும் தெரியாது; நலம் விசாரிக்க வந்த நண்பராகவே அதிகாரியைச் சந்திப்பார். பேச்சுவாக்கில் ஊரின் கஷ்டம் வெளிவரும். பேரம் படிந்தால் உத்தரவு சத்தமில்லாமல் தளர்த்தப்படும். படியாவிட்டால் பெரியவரிடம் இன்னொரு வழி உண்டு. தன்னோடு தேர்வெழுதியவர், தன் ஆசிரியரின் மாணவர், சம்பந்தி என்று எட்டிப் பிடித்து அந்த அதிகாரியின் மேலதிகாரி வரை போவார். மேலிருந்து கீழே கட்டளை ஒரு பாதையில் வரும். கீழிருந்து மேலே மறுப்பு வேறொரு பாதையில் போகும். கட்டளையிட்டவர் மானமும் கெடுவதில்லை, மறுத்த ஊரின் மானமும் கெடுவதில்லை. அடி வாங்கிய அந்த மனிதரின் முதுகைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஊர்ப் பெரியவர்களின் மதிப்புக்கு உண்மையான அடித்தளம் இதுதான். கல்வியும் நிலமும் அவர்களுக்கு இருந்தன. ஆனால் ஊர் அவர்களைத் தாங்கியது, அரசிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு முதுகு காயப்படாமல் வீடு திரும்பக்கூடியவர்கள் என்பதால். ஏழை சொல் அம்பலம் ஏறாத உலகத்தில் ஏறக்கூடிய ஒரு சொல் ஊரின் சார்பில் தேவைப்பட்டது.

அதற்கு அவர்கள் விலையும் வாங்கினார்கள். ஏழைக் குடும்பங்களின் வரியைத் தம் பெயரில் சேர்த்துக் கட்டி இடையில் ஒரு பங்கு எடுத்தார்கள். பட்டதாரி வீட்டு நிலத்துக்கு வரி குறைவாகவும் குடியானவர் நிலத்துக்கு அதிகமாகவும் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். பாலத்துக்குத் திரட்டிய நன்கொடையில் எவ்வளவு பாலமானது என்று கேட்கும் துணிவு எவருக்கும் கிடையாது.

பேரரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சி இந்தப் பெரியவர்களின் கையில் ஆயுதத்தையும் கொடுத்தது. 1853இல், தாயின் மறைவுக்குத் துக்கம் காத்து ஹுனானில் சொந்த ஊரில் இருந்த செங் குவோஃபானை ஊர்க்காவல் படை திரட்டச் சொன்னார் பேரரசர். அதிலிருந்து வளர்ந்த படைதான் 1864இல் கிளர்ச்சியை முறியடித்தது. நாடெங்கும் ஊர்ப் பெரியவர்கள் படை வைத்துக்கொள்ளவும் அதற்காக வரி தண்டவும் பழகிப்போனார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து அவர்களை எந்த அரசாலும் முழுதாக மீட்க முடியவில்லை. பிறகு 1905இல் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரியவர்களை உற்பத்தி செய்துகொண்டிருந்த சாலை ஒரே ஆணையில் மூடப்பட்டது. படிக்க விரும்பிய பணக்காரப் பிள்ளைகள் ஷாங்காய்க்கும் டோக்கியோவுக்கும் போனார்கள்; பலர் திரும்பவில்லை. சந்தை நகரில் காலியான அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு பதில் தந்தது.

சிச்சுவானின் பதில் பாவ்கே.

அங்கே ரத்த உறவுச் சங்கங்கள் தென்கிழக்குச் சீனத்தைப் போல வேரூன்றவில்லை. 17ஆம் நூற்றாண்டின் போர்களில் மாகாணம் ஏறக்குறைய வெறுமையாகி, ஹூபேயிலிருந்தும் ஹுனானிலிருந்தும் குவாங்டோங்கிலிருந்தும் வந்து குடியேறியவர்களால் மறுபடி நிரம்பிய பூமி அது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு மொழி பேசுகிறவராக இருப்பார். செங்டு சமவெளியில் கிராமம் என்று நெருக்கமாக வீடுகள் சேர்ந்திருப்பதும் குறைவு. மூங்கில் தோப்புகளுக்கு நடுவே நாலைந்து வீடுகளாகச் சிதறிக் கிடக்கும். மனிதர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது சந்தையில். அங்கே உறவில்லாதவர்கள் சத்தியம் செய்து சகோதரர்களானார்கள். அந்தச் சகோதரத்துவத்தின் பெயர்தான் பாவ்கே. தேடித் துரத்தப்பட்ட ரகசிய அமைப்பாகத் தொடங்கியது அது.

1911இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. சிச்சுவான் மக்கள் பங்குப்பணம் போட்டிருந்த ரயில்பாதைத் திட்டத்தை அரசு தன்வசம் எடுத்தபோது எழுந்த போராட்டத்தில், செப்டம்பர் 7ஆம் தேதி ஆளுநர் சாவ் எர்ஃபெங்கின் காவலர்கள் செங்டுவில் மக்கள்மீது சுட்டார்கள். அதைத் தொடர்ந்து சுற்றுவட்டாரங்களிலிருந்து நகரை முற்றுகையிட்ட 'தோழர் படை'களின் தலைவர்களில் பலர் பாவ்கே தலைவர்கள். ஆண்டு முடிவதற்குள் பேரரசின் ஆட்சி அங்கே முடிந்தது; சாவ் எர்ஃபெங்கின் தலையும் வெட்டப்பட்டது. புதிய இராணுவ ஆளுநர் யின் சாங்ஹெங் தன் அலுவலகத்திலேயே பாவ்கே கிளை ஒன்றைத் திறந்தார். நேற்று வரை பெயரைச் சொல்லப் பயந்த அமைப்பு தெருத் தெருவாகப் பெயர்ப்பலகை மாட்டியது. 1940களில் சிச்சுவானின் வயதுவந்த ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் ஏதோ ஒரு கிளையில் இருந்தார்கள் என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு.

அந்த உலகத்தை உள்ளிருந்து பார்க்க நமக்கு இரண்டு இளைஞர்கள் உதவுகிறார்கள். ஒருவர் அமெரிக்க மானுடவியல் மாணவர் ஜி. வில்லியம் ஸ்கின்னர். 1949இல், இருபத்து நான்கு வயதில், செங்டுவுக்குத் தென்கிழக்கே காவ்தியன்சு என்ற சந்தை நகருக்கு அருகில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கினார். கம்யூனிஸ்ட் படை வந்து சேர்ந்ததும் அவருடைய களப்பணி முடிந்துபோனது. ஆனால் அந்தச் சில மாதங்களில் பார்த்ததை வைத்து 1964, 65இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை சீனக் கிராமப்புறத்தைப் பற்றிய அறிஞர்களின் பார்வையையே திருப்பிப் போட்டது. குடியானவரின் உலகம் அவருடைய கிராமம் அன்று, சந்தை வட்டாரம் என்றார் ஸ்கின்னர். ஒரு சந்தைக்குச் சராசரியாகப் பதினெட்டு கிராமங்கள், ஆயிரத்து ஐந்நூறு குடும்பங்கள். பத்து நாளுக்கு மூன்று முறை சந்தை கூடும். ஐம்பது வயதுக் குடியானவர் தன் வாழ்நாளில் குறைந்தது மூவாயிரம் முறை அங்கே போயிருப்பார். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே. தரகரும் நிலக்காரரின் ஆளும் வட்டிக்காரரும் தேநீர்க்கடை மேசைகளில்.

அந்தச் சந்தையின் நிஜமான நிர்வாகம் பாவ்கே கையில் இருந்ததை ஸ்கின்னர் கண்டார். தானியம் அளப்பவர், பன்றி எடை போடுபவர், மாட்டுத் தரகர் ஆகிய வேலைகள் உறுப்பினர்களுக்கே. அவர்கள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு கிளையின் பெட்டிக்குப் போகும். இதன் பொருளை ஒரு குடியானவரின் இடத்திலிருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். முதுகில் சுமந்துவந்த நெல்லை அளப்பவர் கையைச் சற்றே சாய்த்தால் அவருடைய ஒரு வேளைச் சோறு போய்விடும். அந்தக் கையைத் தட்டிக் கேட்க வேண்டுமானால், அதே கையை வேலைக்கு வைத்தவரிடமே முறையிட வேண்டும். அதனால்தான் எளியவர்களும் பாவ்கேயில் சேர்ந்தார்கள். வீரமும் விசுவாசமும் பேசும் சடங்குகளைவிட, அளவுப்படியில் ஏமாறாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிது.

சண்டை வந்தால் நீதிமன்றம் போவதில்லை. தேநீர் குடிக்கப் போவார்கள். இரு தரப்பும் ஆட்களோடு வந்து உட்கார, மூடிபோட்ட கிண்ணங்களில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றப்படும். ஒவ்வொருவராக வழக்கைச் சொல்ல, நடுவில் அமர்ந்த பெரியவர் தீர்ப்புச் சொல்லுவார். தோற்றவர் அத்தனை கிண்ணங்களுக்கும் காசு கொடுப்பார். இரு தரப்பிலும் தவறு என்றால் பாதிப் பாதி. தீர்ப்பு பிடிக்காமல் கிண்ணங்கள் பறந்து தலை உடைந்ததும் உண்டு. அப்போது உடைந்த பெஞ்சு, கிண்ணம் எல்லாம் தோற்றவர் கணக்கில். செங்டு காவல் துறை இந்த வழக்கத்தைத் தடை செய்து பார்த்தது, மக்கள் கைவிடவில்லை. நீதிமன்றத்தில் எழுத்தருக்குக் கொடுக்கும் முதல் 'கட்டணமே' ஒரு கடைத் தேநீரைவிட அதிகம். எல்லோர் காதிலும் விழும்படி பேசப்பட்ட வழக்கில் பெரியவராலும் முழுப் பொய்யைத் தீர்ப்பாகச் சொல்லிவிட முடியாது. இந்த அளவுக்கு அது நல்ல ஏற்பாடு. அதை மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இளைஞர் ஷென் பாவ்யுவான், யென்சிங் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் மாணவி. ஜப்பானியப் போரால் அந்தப் பல்கலைக்கழகம் பெய்ஜிங்கிலிருந்து செங்டுவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. 1945 கோடையில் செங்டுவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பாவ்கே தலைவர் ஒருவரின் குடும்பத்தோடு நெருங்கிப் பழகி, அதைத் தன் பட்ட ஆய்வாக எழுதினார். பல பத்தாண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த அந்த ஆய்வை வைத்து வரலாற்றாசிரியர் வாங் தி 2018இல் ஒரு நூலே எழுதினார்.

ஷென் தேர்ந்தெடுத்த தலைவர் நிலக்காரர் அல்லர். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர். துணிச்சலும் தாராளமும்தான் அவரை உயர்த்தின. வந்தவருக்கெல்லாம் சோறு, கேட்டவருக்கெல்லாம் பணம். இப்படிக் கட்டியெழுப்பிய பெயரைக் காப்பாற்ற அவர் என்ன செய்தார் என்பதையும் ஷென் பதிவு செய்தார். 1939இல் அவருடைய மகளைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி பரவியது; ஓர் இளம் தையல்காரரோடு பழக்கம் என்று. தகப்பன் அவளை ஊரார் பார்க்கக் கொன்றார். எந்தக் காவலரும் வரவில்லை, எந்த வழக்கும் இல்லை. தேநீர்க்கடையில் மற்றவர் வழக்குகளுக்கு நியாயம் சொன்ன மனிதர் அவர். அந்த மேசையில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. அந்தப் பெண்ணின் தரப்பைச் சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் தமக்குள்ளேயே நியாயம் வழங்கிக்கொண்ட அந்தக் காலத்தை ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்த மகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

பின்னாளில் அந்தத் தலைவரின் கை சுருங்கியது. அபின் பழக்கம், குத்தகை பாக்கி, நிலம் கைவிட்டுப் போனது. விருந்துக்கு வழியில்லை என்றதும் சகோதரர்கள் ஒவ்வொருவராக வேறு கிளைத் தலைவரின் மேசைக்கு நகர்ந்தார்கள்.

இன்னொரு துருவத்தில் அன்ரென் நகரத்து லியூ வென்ட்சாய். 1887இல் தாயி வட்டத்தில் பிறந்தவர். அவருடைய தம்பி லியூ வென்ஹுய் 1920களின் இறுதியில் சிச்சுவானின் ஆளுநராகவே ஆனார். குடும்பத்தில் மகன் முறையாகும், ஆனால் வயதில் லியூ வென்ஹுயைவிட மூத்தவரான லியூ சியாங், அவருக்குப் போட்டியான போர்ப்பிரபு. மாகாணம் அப்போது போர்ப்பிரபுக்களின் 'காவல் பகுதி'களாகத் துண்டுபட்டுக் கிடந்தது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் நிலவரியைப் பல பத்தாண்டு முன்கூட்டியே வாங்கினார்கள். இன்னும் பிறக்காதவர்கள் கட்ட வேண்டிய வரியை 1930களின் உழவர்கள் கட்டினார்கள். யீபின் நகரில் தம்பிக்காக வரி தண்டிய வேலையில்தான் லியூ வென்ட்சாய் செல்வரானார். 1933இல் லியூ சியாங்கிடம் தம்பி தோற்றதும் அவர் அன்ரென் திரும்பி, மாளிகை கட்டினார், கடைத்தெரு கட்டினார், தன் பெயரில் உயர்நிலைப் பள்ளி கட்டினார், பாவ்கே பேரமைப்பு ஒன்றின் தலைமையில் அமர்ந்தார். 1949 அக்டோபரில், புதிய ஆட்சி செங்டுவை எட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பு, இறந்தார்.

இந்த இருவருக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. குத்தகைக்காரத் தலைவரின் செல்வாக்கு ஊர் கொடுத்தது. ஊரே அதை எடுத்துக்கொண்டது. லியூ வென்ட்சாயின் செல்வாக்கு மேலே இருந்த படையிலிருந்து வந்தது. இந்தியாவில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரசன்ஜித் துவாரா 1988இல் வட சீனக் கிராமங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த வேறுபாட்டைப் பிடித்திருக்கிறார். ஊரைக் காக்க அரசுக்கும் மக்களுக்கும் நடுவில் நின்றவர்கள் ஒரு வகை. வரி வசூலையே வியாபாரமாக எடுத்துக்கொண்டவர்கள் இன்னொரு வகை. 20ஆம் நூற்றாண்டின் அரசுகள் பள்ளிக்கும் காவலுக்கும் படைக்கும் என்று வரிமேல் வரி போட்டபோது முதல் வகையினர் தலைமைப் பொறுப்பை விட்டு ஒதுங்கினார்கள். மரியாதையுள்ள மனிதருக்கு அந்த வேலை அவமானமாகிவிட்டது. அவர்கள் விட்ட இடத்தில் இரண்டாம் வகையினர் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது நாட்டை ஆண்ட குவோமிந்தாங் கட்சியின் அரசு 1930களில் உயிர்கொடுத்த பாவ்ஜியா முறை இந்த மாற்றத்தை முடித்து வைத்தது. பத்துப் பத்துக் குடும்பங்களாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தலைவரை நியமித்து, அரசின் கையைக் கதவு வரை நீட்டுவதுதான் நோக்கம். ஃபெய் சியாவ்தோங் இதை அப்போதே கடுமையாக எதிர்த்தார். முன்பு உத்தரவைச் சுமந்தவர் வேறு, மறுத்துப் பேசியவர் வேறு. இப்போது பாவ்ஜியா தலைவர் அரசின் ஆள். உத்தரவு நேராக அவர் கையில் விழுகிறது. அவரால் மறுக்க முடியாது. கீழிருந்து மேலே போகும் பாதை அடைபட்டுப் போனது.

போர்க்காலத்தில் அது மிகக் கொடுமையாக வெளிப்பட்டது படைக்கு ஆள் பிடிப்பதில். ஜப்பானை எதிர்த்த எட்டாண்டுப் போரில் சிச்சுவான் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை அனுப்பியது. யார் பெயர் பட்டியலில் ஏறுவது என்பது பாவ்ஜியா தலைவர் கையில். அந்தத் தலைவர்களில் பலர் பாவ்கே ஆட்கள். காசுள்ளவர் காசு கொடுத்தார், இல்லாதவர் மகனைக் கொடுத்தார். ஆள் பிடித்து விற்பதே தொழிலான தரகர்களும் இருந்தார்கள்.

எழுத்தாளர் ஷா திங் 1940இல் எழுதிய 'சீசியாங்ஜூ தேநீர்க்கடையில்' என்ற சிறுகதையின் மையம் இதுதான். வடமேற்குச் சிச்சுவானின் ஆன் வட்டத்தில் 1904இல் பிறந்தவர் அவர். தாய்மாமனே பாவ்கே தலைவர் என்பதால் அந்த உலகை வீட்டுக்குள்ளிருந்து அறிந்தவர். கதையில் ஒரு முரட்டுப் பெரிய மனுஷரின் இரண்டாம் மகனுக்கு நான்கு முறை படைச் சேவை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய அண்ணன் வட்டத்தில் பெரிய புள்ளி, மைத்துனர் நிதிக்குழுவில். புதிதாக வந்த வட்ட அதிகாரி ஆள்சேர்ப்பைச் சீர்திருத்தப் போவதாக அறிவித்ததால் பயந்துபோன பாவ்ஜியா தலைவர் ரகசியமாகப் புகார் எழுதிவிடுகிறார், மகன் பிடிபடுகிறான். தகப்பன் தேநீர்க்கடையில் வந்து பாவ்ஜியா தலைவரோடு மோதுகிறார். சமாதானம் பேச வருகிறவர், பழைய தேர்வில் பட்டம் பெற்றவர், பாவ்கே தலைமையிலும் பல ஆண்டுகள் இருந்து ஓய்ந்தவர். அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் அவர் தேநீருக்குக் காசு கொடுக்கக் குரல் எழுப்புகிறார்கள். அவ்வளவு மரியாதை இருந்தும் அவரால் எதையும் தீர்க்க முடிவதில்லை. கைகலப்பில் இருவரும் முகம் வீங்கி நிற்கும் நேரத்தில் வட்டத் தலைநகரிலிருந்து செய்தி வருகிறது: விருந்து வைத்தாயிற்று, வரிசையில் எண் சொல்லும்போது தவறாகச் சொன்னான் என்று காரணம் காட்டிப் பையனை விடுவித்துவிட்டார்கள். சீர்திருத்தம் அத்தோடு முடிந்தது. ஊரில் நடுநிலை பேசும் பெரியவரின் காலம் முடிந்துபோனதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆவணம் வரலாற்று நூல்களிலும் அரிது.

1949 டிசம்பர் இறுதியில் கம்யூனிஸ்ட் படை செங்டுவில் நுழைந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் நிலச் சீர்திருத்தமும் எதிர்ப்புரட்சியாளர் ஒழிப்பு இயக்கமும் அந்த உலகத்தை வேரோடு பிடுங்கின. பாவ்கே கிளைகள் கலைக்கப்பட்டன; தலைவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். குத்தகையும் கடனும் நெரித்திருந்த குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. அது சிறிய விஷயமன்று.

லியூ வென்ட்சாய்க்கு மட்டும் சாவுக்குப் பிறகு ஒரு பெருவாழ்வு வந்தது. மாளிகை அருங்காட்சியகமானது. 1965இல் அங்கே சிற்பிகளும் கலைக்கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஆளுயரத்தில் 114 களிமண் உருவங்களைச் செய்தார்கள்: வாரம் அளக்கும் முற்றம், எலும்பும் தோலுமான உழவர்கள், கணக்கப்பிள்ளை, அடியாட்கள். நாடே அதைப் பார்த்து அழுதது. மாளிகையின் நிலவறை ஒன்றில் கடனாளிகளை நீரில் நிறுத்திச் சாகடித்த 'தண்ணீர்ச் சிறை' இருந்ததென்றும் காட்டினார்கள். பின்னாளில் அதற்கு ஆதாரமில்லை என்று தெரிந்தது; அந்த அறை அபின் கிடங்கு என்று அறிவிப்பு மாறியது. 1999இல் எழுத்தாளர் சியாவ் ஷு அவரைப் பற்றி வேறொரு சித்திரம் தரும் நூல் எழுதினார், அதற்குத் தடை வந்தது. இட்டுக்கட்டிய தண்ணீர்ச் சிறை வெளிப்பட்டதும் சிலர் அவரைப் பள்ளி கட்டிய கொடைவள்ளலாக மட்டும் பேசத் தொடங்கினார்கள். யீபினில் தண்டிய வரிப்பணம் யாருடைய கழனியிலிருந்து வந்தது என்ற கேள்வி அந்தப் பேச்சில் காணாமல் போகிறது. சிறை பொய் என்பதால் வரி பொய்யாகிவிடாது.

ஊர்ப் பெரியவர் என்ற பாத்திரத்தைச் சீன அரசே மீண்டும் அழைத்திருக்கிறது. 2015க்குப் பிறகு வேளாண்மை பற்றிய மைய ஆவணங்களில் 'புதிய ஊர்ச் சான்றோர்' பண்பாடு இடம்பெற்றது. செஜியாங் மாகாணத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஊர் திரும்பிய தொழிலதிபர்களும் சேர்ந்த மன்றங்கள் தகராறு தீர்க்கின்றன, சாலைக்குப் பணம் திரட்டுகின்றன. 2018 முதல் மூன்றாண்டுகள் நடந்த குற்றக்கும்பல் ஒழிப்பு இயக்கம், ஊர் வல்லவர்களையும் அவர்களுக்குக் குடை பிடித்த அதிகாரிகளையும் தேடிப் பிடித்தது. யார் சான்றோர், யார் ரௌடி என்பதைத் தீர்மானிக்கும் பேனா இரண்டு சமயத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியின் கையில்தான். அந்தச் சான்றோர் கட்சியின் உத்தரவை எதிர்த்து ஊருக்காகப் பேச முடியுமா என்பதுதான் ஃபெய் சியாவ்தோங் இன்று இருந்தால் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி.

பழைய அமைப்பின் சாயல் வட்ட நிர்வாகத்துக்குள்ளும் தென்படுகிறது. பெய்ஜிங் பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபெங் ஜுன்சி, மத்தியச் சீனத்து வட்டம் ஒன்றில் இரண்டாண்டுகள் பதவியில் இருந்துகொண்டே அங்குள்ள அதிகாரிகளைப் பற்றி ஆய்வு எழுதினார். 2011இல் அது நாடெங்கும் பேசப்பட்டது. அந்த ஒரு வட்டத்தில் 21 பெரிய அரசியல் குடும்பங்களையும் 140 சிறிய குடும்பங்களையும் அவர் எண்ணிக் காட்டினார். ஐந்து பேராவது குறிப்பிட்ட பதவித் தரத்தை எட்டிய குடும்பம் பெரியது. திருமணத்தாலும், ஒருவர் பிள்ளையை மற்றவர் பிள்ளையாக ஏற்கும் வழக்கத்தாலும் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வட்டத்தின் கட்சிச் செயலாளரும் நிர்வாகத் தலைவரும் மட்டும் வெளியூர்க்காரர்கள். தாம் வளர்ந்த வட்டத்தில் ஒருவர் அந்தத் தலைமைப் பதவிகளுக்கு வரக்கூடாது என்று 2006இல் கட்சி எழுதிய விதி சொல்கிறது. சில ஆண்டுகளில் அவர்கள் வேறு வட்டத்துக்கு மாறிப் போவார்கள், குடும்பங்கள் அங்கேயே இருக்கும்.